முதல் வரியிலேயே முடிவைச் சொல்லிவிடலாமா?

மயிலை வாசகர்:
சென்ற ஞாயிறன்று எங்கள் வாசகர் வட்டத்தில் இளம் எழுத்தாளர் ஒருவர் வாசித்த சிறுகதை, சேத்துப்பட்டு ரயில் நிலைய நடைமேடையில் அப்பா இறந்துபோனதைச் சொல்லியே தொடங்கியது. பிறகு மூன்று பக்கங்களுக்கு, செய்தி எட்டாத அம்மா வீட்டில் காத்திருக்கிறார். இறுதித் திருப்பமாக வைத்திருக்க வேண்டியதை முதல் வரியிலேயே செலவழித்துவிட்டால், வாசகர் எதற்காகப் பக்கத்தைப் புரட்டுவார்?

பெரம்பூர் தமிழாசிரியை:
ஐயா, சிலப்பதிகாரத்தின் முன்னுரையான பதிகமே கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்பது 16ஆவது காதையில் (அத்தியாயத்தில்). ஆனால் 9ஆவது காதையிலேயே, பெருநகர் ஒன்றில் அவன்மீது பொய்ப்பழி விழுவதையும் அவனுக்குத் தீங்கு நேர்வதையும் கண்ணகி கனவாகக் கண்டு தோழி தேவந்தியிடம் சொல்லிவிடுகிறாள். இந்த முன்னுணர்த்தலால் எதிர்பார்ப்பு குறைவதில்லை. 'என்ன ஆகும்' என்ற கேள்வி 'எப்படி ஆகும்' என்று மாறுகிறது. சிலம்பை விற்கப் புறப்படும் கோவலனின் எதிரே திமிலுள்ள காளை வருகிறது. அது தீய நிமித்தம் என்பதை அவன் குலத்தார் அறியார் என்று இளங்கோவடிகள் நின்று சொல்கிறார். நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. நாடக முரண் என்று வகுப்பில் நான் நடத்துவது இந்த இடைவெளியைத்தான்.

மயிலை வாசகர்:
காப்பியம் கேட்டவர்களுக்குக் கதை முன்பே தெரிந்திருக்கும். சிறுகதைக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலும், கண்ணகியின் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல், அரசியின் சிலம்பில் இருப்பது முத்துப் பரல் என்ற வேறுபாட்டை அடிகளே வழக்குரை காதையில், அரசன் முன்னிலையில்தான் உடைத்துக் காட்டுகிறார். அவரும் ஒன்றை ஒளித்துவைத்தவர்தானே, அம்மா?

பெரம்பூர் தமிழாசிரியை:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே ஒளிக்கப்பட்டது சான்று மட்டுமே. அழிவு வரப்போவதை நாம் அறிந்தே அவைக்குள் நுழைகிறோம். அந்தச் சிறுகதையில் அம்மா இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் காபி ஊற்றி, அப்பாவுடையதைத் தட்டால் மூடிவைக்கும் இடத்தை, முதல் வரியை அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கோட்டூர்புரம் பார்வையாளர்:
அன்று நானும் இருந்தேன். முதல் வரியைவிட, அம்மாவின் துயரத்தை விளக்கிச் சொன்ன கடைசிப் பத்திதான் என்னை உறுத்தியது.

மயிலை வாசகர்:
படித்துப் பார்த்தேன். முதல் வரி இல்லாதபோது அது வெறும் காபி. ஆறிவிடாமல் மூடுகிறார், அவ்வளவுதான். அந்த வரி இருக்கும்போது தட்டின்மேல் என்னால் கண் வைக்க முடியவில்லை. ஆகவே முதல் வரி இருக்கட்டும். ஆனால், கோட்டூர்புரம் நண்பர் சொன்ன கடைசிப் பத்தியை நீக்கிவிட்டு, மூடிய டம்ளரோடு கதையை நிறுத்த வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் எழுத்தாளரிடம் கேட்கப்போகிறேன். அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.