1979 எஃப்-150, ஆறு சிலிண்டர்: மேனிஃபோல்ட் விரிசல். ஹெடர் போடலாமா?

பழசுபிரியன்:
வணக்கம். வண்டி 1979 ஃபோர்டு எஃப்-150. 300 கன அங்குல (4.9 லிட்டர்) இன்லைன் ஆறு சிலிண்டர், சிங்கிள் பேரல் கார்புரேட்டர், மேனுவல் கியர்.

காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டிக் டிக்னு சத்தம். மிதிச்சா சத்தமும் கூடவே வேகமாகுது. பத்து நிமிஷம் ஓடினதும் பாதியாக் குறையுது. டேப்பெட்டுனு நினைச்சு வால்வ் கவரைக் கழற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். அங்கே ஒண்ணுமில்லை. அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எல்லா சிலிண்டர் புகையையும் சேர்த்து வெளியே விடற இரும்புக் குழாய்) நடுவுல மயிரிழை மாதிரி விரிசல், சுத்திக் கரி. கடைசி சிலிண்டர் பக்கம் ஒரு போல்ட்டுக்குத் தலையே இல்லை.

ஒரு மெக்கானிக் "ஹெடர் போடுங்க, இழுவை கூடும்"ங்கிறார் (மேனிஃபோல்டுக்குப் பதிலா சிலிண்டருக்கு ஒண்ணா தனித்தனிக் குழாய்). இன்னொருத்தர் "பழசையே வெல்ட் வைக்கலாம்"ங்கிறார். வண்டி வாரத்துல ரெண்டு நாள் மண்ணு, விறகு ஏத்தும். 3,000 ஆர்.பி.எம். தாண்டுறதே அபூர்வம். என்ன பண்ணலாம்?

ராடுகை:
வெல்டிங் என் தொழில், அதனால சொல்றேன்: வேண்டாம். காஸ்ட் அயர்ன் வெல்ட் ஆகாதுன்னு இல்லை. முழுப் பாகத்தையும் நல்லா சூடேத்தி, நிக்கல் ராடு போட்டு, மெதுவா ஆறவிட்டா ஒட்டும். ஆனா நாற்பது வருஷம் வெந்து தணிஞ்ச இரும்பு அது. வெல்ட் நிக்கும், பக்கத்துல அரை அங்குலம் தள்ளி புதுசா விடும். கிடைக்கவே கிடைக்காத பாகம்னா மட்டும்தான் நான் கைவைப்பேன்.

மூணுநூறு:
இந்த இன்ஜினோட ரொம்ப நாளா மல்லுக்கட்டுறவன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஏன் விட்டுச்சுன்னு பாருங்க. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே நீளக் கட்டை, ஏறக்குறைய முக்கால் மீட்டர். 400 டிகிரி சூடேறினா அது சுமார் 3 மி.மீ. நீளும். அது போல்ட் ஆகியிருக்கிற சிலிண்டர் ஹெட் அந்த அளவு சூடாகாது, அதனால அந்த அளவு நீளாது. நடுவுல இருக்கிற போல்ட்டுக்கு வலிக்காது, ரெண்டு ஓரத்து போல்ட்டுகளும்தான் இழுபடும். தலை போன போல்ட் ஓரத்துல இருக்கிறது அதனாலதான். சூடானதும் சத்தம் குறையறதும் இதே கதை, இரும்பு விரிஞ்சு இடைவெளியை அடைச்சுக்குது.

இப்போ ஹெடர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் கொடுக்கிறதால ஒண்ணோட புகை இன்னொண்ணை முட்டாது. அந்த லாபம் பெரும்பாலும் மேல் ஆர்.பி.எம்.ல. உங்க இன்ஜின் கீழேயே இழுக்கிற ஜாதி, நீங்களும் 3,000 தாண்டறதில்லை. அங்கே என்ன லாபத்தை எதிர்பார்க்கறீங்க? பதிலுக்குக் கிடைக்கிறது மெல்லிசுத் தகடு, பானட்டுக்குள்ள கூடுதல் சூடும் சத்தமும், அடிக்கடி போல்ட் இறுக்குற வேலை. துரு வேற. அதுக்கு மேல துணி சுத்தினா ஈரம் தங்கி இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

நடுவழி ஒண்ணு இருக்கு. 1987ல இருந்து 1996 வரைக்கும் இதே இன்ஜின் கார்புரேட்டர் இல்லாம இ.எஃப்.ஐ.யோட (எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வந்துச்சு. அதுல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ரெண்டு துண்டு, முன் மூணுக்கு ஒண்ணு, பின் மூணுக்கு ஒண்ணு. ரெண்டுமே காஸ்ட் அயர்ன். துண்டு சின்னது, அதனால ஓரத்து இழுவையும் கம்மி. இன்னொரு அழகு ஃபயரிங் ஆர்டர்ல, அதாவது சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசையில: 1-5-3-6-2-4. முன்னாடி, பின்னாடி, முன்னாடி, பின்னாடின்னு மாறி மாறி வரும். அப்போ ஒவ்வொரு துண்டுக்கும் கிராங்க் 240 டிகிரி சுத்தறதுக்கு ஒரு தடவைதான் புகை. ஹெடர் சொல்ற நியாயத்துல பாதி இரும்புலயே கிடைச்சுடுது. கீழே ரெண்டு வாயையும் சேர்க்க ஒய் பைப் ஒண்ணு வளைச்சு வாங்கணும், அவ்வளவுதான்.

சத்தப்பிரியன்:
ஹெடர் போட்ட ஆறு சிலிண்டர் சத்தத்தைக் கேட்டிருக்கீங்களா? அதுக்காகவே போடலாம். என் வண்டியில நாலு வருஷமா ஓடுது. கனமான ஃபிளாஞ்ச் (ஹெட்டோட சேர்த்து போல்ட் போடற தட்டையான விளிம்பு), செராமிக் கோட்டிங் பார்த்து வாங்கினேன். முதல் மாசம் மூணு தடவை போல்ட் இறுக்கினேன், அதுக்கப்புறம் ஒழுகலே இல்லை.

மூணுநூறு:
சத்தத்துக்குன்னு சொன்னா நான் வாதாட மாட்டேன். அவர் விறகு ஏத்துறார்.

கார்ப்காதலன்:
யாரும் சூட்டைப் பத்திப் பேசலையே. இந்த இன்ஜின்ல இன்டேக்கும் (காத்து-பெட்ரோல் கலவை உள்ளே போற குழாய்) எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். கார்புரேட்டருக்கு நேர் கீழே இன்டேக்கோட அடிப்பகுதி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். சும்மா இல்லை, பெட்ரோல் ஆவியாக அந்தச் சூடு வேணும். ஹெடரோ ரெண்டு துண்டு மேனிஃபோல்டோ போட்டா அது போயிடும். குளிர் காலையில பெட்ரோல் இன்டேக் தரையில குட்டையாத் தேங்கும், மிதிச்சா திக்கும், ஈரக் காத்துல கார்புரேட்டர்ல ஐஸ்கூட பிடிக்கும். "ஹெடர் போட்டேன், வண்டி மக்கர் பண்ணுது"ன்னு புலம்புற பலருக்கு வியாதி இதுதான். கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் அளவு விடற துளை) மாத்தி மாத்திப் பார்த்து அலுத்துப்போவாங்க.

இன்டேக் அடியில ரேடியேட்டர் தண்ணி ஓடற தட்டு ஒண்ணு பொருத்தினா சரியாகும். பழைய சோக் (குளிர் ஸ்டார்ட்டுக்குக் காத்தைக் குறைக்கிற மூடி) சூடான காத்துல வேலை செய்யறதுன்னா அந்தக் குழாய்க்கும் இடம் போயிடும், எலக்ட்ரிக் சோக்குக்கு மாறிடுங்க. ஏர் ஃபில்டருக்குச் சூடு காத்து கொண்டுபோற தகட்டுக் கவசத்தையும் தூக்கிப் போடாதீங்க.

இன்னொண்ணு: சில போல்ட்டுகள் ஒரே வாஷரால இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டையும் சேர்த்து அமுக்கும். ரெண்டு ஃபிளாஞ்சும் ஒரே தடிமனான்னு வெர்னியர் வெச்சு அளந்துக்கோங்க. ஒண்ணு மெல்லிசா இருந்தா அந்தப் பக்கம் பிடிமானம் இருக்காது. எக்ஸாஸ்ட் ஒழுகினா சத்தம் காட்டிக்கொடுக்கும், இன்டேக் ஒழுகினா ஐடில் ஆடும், ஏன்னே புரியாது. ஹெடர்ல ஃபிளாஞ்ச் மெல்லிசா வர்றது சகஜம்.

ராடுகை:
உடைஞ்ச போல்ட்டை எடுக்க: எடுத்ததும் டிரில் போடாதீங்க. மிச்சம் நிக்கிற கட்டை மேல நட் ஒண்ணை வெச்சு, நட்டோட ஓட்டைக்குள்ள வெல்ட் பண்ணுங்க. அந்தச் சூட்டுலயே பாதி பிடி விட்டுடும். கொஞ்சம் ஆறினதும் முன்னும் பின்னுமா அசைச்சு எடுங்க. போல்ட் சிலிண்டர் ஹெட்டுக்குள்ள புதைஞ்சு உடைஞ்சிருந்தா ஹெட்டோட லேத்துக்குப் போறதுதான் நிம்மதி.

அதுவரைக்கும் ஜன்னலை மூடிட்டு ஓட்டாதீங்க. பானட்டுக்குள்ள ஒழுகுற புகை கேபினுக்குள்ள வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பழசுபிரியன்:
மூணு வாரம் கழிச்சு வந்திருக்கேன். பழைய இரும்புக் கடையில ரெண்டு துண்டும் கிடைச்சது. நேர்கோல் வெச்சுப் பார்த்தேன், ஒண்ணு வளைஞ்சிருந்தது, பட்டறையில மட்டம் பண்ணி வாங்கினேன். போல்ட் ரெண்டாவது நட்டுல கழண்டு வந்தது. தண்ணித் தட்டு, எலக்ட்ரிக் சோக் ரெண்டும் போட்டாச்சு. வேக்குவம் க்ளீனர் காத்தை சைலன்சர் வாயில விட்டு, சோப்புத் தண்ணி தெளிச்சுப் பார்த்தேன், மேனிஃபோல்ட் பக்கம் நுரையே இல்லை. ஒய் பைப் சேர்ற இடத்துல மட்டும் லேசா நுரைக்குது.

இழுவை கூடினதான்னு கேட்டா, சத்தியமா தெரியலை. டிக் டிக் இல்லை. ஐடில்ல இருந்து லேசா மிதிக்கும்போது மட்டும் ஒரு நொடி தயங்குது, சூடானதும் போயிடுது. கோளாறு எங்கே?

கார்ப்காதலன்:
ஆக்ஸிலரேட்டர் பம்ப், மிதிச்சதும் கார்புரேட்டர்ல கூடுதல் பெட்ரோல் பீய்ச்சற பாகம். இன்ஜினை அணைச்சுட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றி, மேலிருந்து பார்த்துக்கிட்டே லிங்கேஜைத் தள்ளுங்க. தள்ளின அந்தக் கணமே பெட்ரோல் பீய்ச்சணும். தாமதமானா டயாஃப்ரம் போச்சு.