வேறு என்ன குளிசை போடுறீங்க?

எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களைக் கவனித்த மூன்று பேரின் அனுபவங்கள் இவை.

மட்டக்களப்புப் பக்கம் ஒரு பாலியல் நோய்க் கிளினிக்கில் சில காலம் தாதியாக இருந்தேன். ஆள் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரத்தை மாற்றியே எழுதுகிறேன்.

வாவியில் வலை போடுகிற ஒரு ஐயா. எச்.ஐ.வி. மருந்து தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல். டெனோபோவிர் 300, லமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் ஒரே குளிசையில், நாளுக்கு ஒன்று. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை வைரல் லோட், அதாவது இரத்தத்தில் வைரசின் அளவு, ஏறி வந்துவிட்டது. "ஐயா, குளிசையைத் தவற விடுறீங்க போல?" என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன். மனுசனின் முகம் கறுத்துப்போனது. "ஒரு நாளும் விடல்ல மிஸ்ஸி." குப்பியை வாங்கி எண்ணினேன், கணக்குச் சரி. அப்போதும், சரிக்கட்டிக்கொண்டு வந்திருப்பாரோ என்றுதான் மனம் போனது. இன்றைக்கு நினைத்தாலும் வெட்கம்.

அடுத்த கிளினிக்கில் கொப்பியை எடுக்க வெற்றிலைப் பையைத் திறந்தார். பாக்குக்கு நடுவே ஒரு குளிசை அட்டை, பாதி காலி.

"இது என்ன ஐயா?"

"நெஞ்செரிவுக்குப் பாமசியில வாங்கினது. ராவைக்கு அந்தக் குளிசையோட ரெண்டைச் சப்பிடுவன். எல்லாம் மருந்துதானே."

விஷயம் அங்கேதான் இருந்தது. அமிலம் தணிக்கும் அந்தக் குளிசையிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் டொலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் சேர விடாது. அதற்கு 2 மணித்தியாலம் முன்போ 6 மணித்தியாலம் பின்போதான் டொலுடெக்ராவிர் எடுக்க வேண்டும். டொக்டர் நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார். அது இதோடு சண்டைக்குப் போகாது. சில மாதத்தில் வைரல் லோட் இறங்கியது. ஐயா என்னோடு பழையபடி பேச அதைவிட நாள் எடுத்தது.

*

நான் அம்பாறை மாவட்டம், காசநோய்ப் பக்கம் வேலை. காசநோய் மருந்தான ரிபாம்பிசினும் சேர்த்து எடுக்கும் எச்.ஐ.வி. நோயாளிக்கு டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் இரண்டு வேளை; ரிபாம்பிசின் முடிந்து 2 வாரம் வரை அப்படியே தொடரும். ரிபாம்பிசின் அதை ஈரலில் வேகமாகக் கரைத்துவிடுவதால்தான் இந்த இரண்டாவது குளிசை. ஒரு தம்பிக்கு இதை யாரும் விளக்கவில்லை. "வருத்தம் கூடிட்டுது, அதான் ரெண்டாக்கிட்டாங்க" என்று பயந்து, பின்னேரக் குளிசையைத் தானாகவே நிறுத்தியிருந்தான்.

*

மருத்துவிச்சி, அக்கரைப்பற்றுப் பக்கம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று இலங்கைக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டுக்குள் நடப்பது சான்றிதழில் வராது.

கர்ப்பிணிகளுக்கு நாங்களே கொடுக்கிற இரும்புச்சத்தும் கல்சியமும் டொலுடெக்ராவிரை அதே மாதிரித்தான் பிடித்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் என்றால் நேரம் பிரிக்க வேண்டும். சாப்பாட்டோடு என்றால் சேர்த்தே எடுக்கலாம். ஒரு தங்கச்சியிடம் நான் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள். வீட்டில் மாமிக்கு ஒன்றும் தெரியாது. எச்.ஐ.வி. குளிசையை இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்த்து, எல்லாம் சத்துக் குளிசை என்று சொல்லித்தான் இவ்வளவு நாளும் போட்டு வந்திருக்கிறாள். தனியாக ஒரு நேரம் ஒதுக்கினால் கேள்வி வரும்.

பிறகு டொக்டரிடம் கேட்டுக்கொண்டு, இராச் சோற்றோடு இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொன்னேன். இப்போது தண்ணிக் கோப்பையை நீட்டுவதே மாமிதானாம்.