முதல் வேலை: மற்றவர்களின் சம்பளக் கவர்

முதல் சம்பளம் என்று பேச்செடுத்தால், அந்தப் பணத்தில் என்ன வாங்கினோம், யாரிடம் கொடுத்தோம் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது, அந்தக் கவர் எப்படித் தயாரானது என்பதுதான். ஏனென்றால் என் முதல் வேலையே சம்பளக் கவர் போடுவது. அட்டைப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். என் சம்பளம் எனக்கு வருவதற்கு முன்பே அங்கிருந்த எல்லோருடைய சம்பளமும் என் கை வழியாகப் போனது.

அப்போது அங்கே எல்லாம் ரொக்கம்தான். பட்டுவாடா நாளுக்கு முன்பே எங்களுக்கு வேலை கழுத்தைப் பிடிக்கும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து நாள் கணக்கு எடுத்து, ஓவர்டைமைக் கூட்டி, முன்பணத்தையும் மற்ற பிடித்தங்களையும் கழித்து, ஒவ்வொருவருக்கும் கைக்கு வரும் தொகையைப் போட வேண்டும். அதோடு முடியாது. ஒவ்வொரு தொகைக்கும் பெரிய நோட்டு எத்தனை, சின்ன நோட்டு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று பிரித்து எழுதிக் கீழே கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலை வைத்துத்தான் வங்கியில் நோட்டு கேட்டு வாங்குவார்கள். மொத்தத் தொகை சரியாக இருந்தும் நோட்டு வகை மாறி வந்துவிட்டால் கவர்களை நிரப்ப முடியாது.

அந்தக் கணக்கில் ஒரு அழகு இருந்தது. எல்லாம் சரியாகப் போட்டிருந்தால், கடைசிக் கவரை மூடும்போது மேசையில் ஒன்றும் மிஞ்சாது. ஏதாவது மிஞ்சினால், யாரோ ஒருவருடைய கவரில் அது இல்லை என்று அர்த்தம். ஒருமுறை ஒரே ஒரு சின்ன நோட்டு மிஞ்சியது. மணி ஏழைத் தாண்டிவிட்டது. எல்லோருக்கும் வீட்டுக்குப் போக அவசரம். யாருடைய கையில் தவறியது என்று எங்களுக்குள் பேச்சு கிளம்பியபோது கேஷியர் சார் சொன்னார்: "யார் விட்டதுன்னு தேட வேண்டாம்மா. யாருக்குக் குறையுதுன்னு தேடுங்க." எல்லாக் கவரையும் மறுபடி எண்ணினோம். ஒரு லோடுமேன் அண்ணனின் கவரில்தான் குறைந்திருந்தது. அவருக்கு விஷயமே தெரியாது, இன்றுவரை தெரிந்திருக்காது.

நோட்டு எண்ணவும் கேஷியர் சாரிடம்தான் கற்றுக்கொண்டேன். புது நோட்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் கட்டை இரண்டு பக்கமும் வளைத்து விசிறி, காற்றுப் போகவிட்டு, நனைந்த ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத்தான் எண்ண ஆரம்பிப்பார். முதலில் ஒரு பக்கத்திலிருந்து எண்ணுவார், அப்புறம் கட்டைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து. எங்கள் கவரின் மேல் மூலை வெட்டியிருக்கும். கவரைப் பிரிக்காமலே நோட்டுகளின் ஓரத்தை விரலால் தள்ளி எண்ணிப் பார்க்கலாம். குறைந்தால் அங்கேயே சொல்ல வேண்டும், பிரித்த பிறகு சொன்னால் செல்லாது. எனக்கு அது நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது. ஆனால் பலர் எண்ணவே மாட்டார்கள். கேஷியர் சார் விட மாட்டார். "எண்ணிட்டுப் போங்க, என்மேல நம்பிக்கை இருந்தாலும் எண்ணுங்க" என்பார்.

ஒட்டும் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, பீஸ் ரேட்டில் வேலை. எத்தனை கட்டு ஒட்டினாரோ அதற்கேற்ற கூலி. கவரை வாங்கியதும் ஓரமாக என்னிடம் வந்து, "பாப்பா, சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு மெதுவாப் படி" என்பார். மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்பதில் அவருக்கு அத்தனை கவனம். நானும் குரலைத் தாழ்த்திப் படிப்பேன். முதல் தடவை நான் கட்டுகளின் எண்ணிக்கையைப் படித்ததும் அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். இடுப்பில் செருகியிருந்த ஒரு அட்டைத் துண்டை எடுத்துக் காட்டினார். பென்சிலால் நாலு நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. மாதம் முழுக்க அப்படி வரிசையாக இருந்தது. ஐந்து ஐந்தாக எண்ணினேன். சீட்டில் இருந்ததைவிட அட்டையில் அதிகம். அதை எடுத்துக்கொண்டு கேஷியர் சாரிடம் போனேன். அவர் ஒட்டும் பிரிவின் கணக்கு நோட்டுப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தார். ஒரு நாள் கணக்கை மேற்பார்வையாளர் பதியாமலே விட்டிருந்தார். அன்றே மீதிப் பணம் வந்தது. அக்கா அந்த அட்டைத் துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு அதுதான் கணக்குப் புத்தகம்.

இன்னொரு நாள் ஒருவர் வந்து, மனைவிக்கு உடம்பு சரியில்லை, அவளுடைய கவரை என்னிடம் கொடுங்கள் என்றார். பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கேஷியர் சார் மரியாதையாகவே மறுத்தார். அவங்க எழுதிக் கொடுத்தால் தருகிறேன், இல்லையென்றால் அவங்க வரும்வரை பெட்டியில் பத்திரமாக இருக்கும் என்றார். எனக்கு அப்போது அது கொஞ்சம் கறாராகத் தோன்றியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-லேயே கூலிப் பாதுகாப்புக்கென்று 95-ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். கூலியை உழைத்தவரிடமே நேரடியாகத் தர வேண்டும், வேறு வழியில் தர அவருடைய சம்மதமாவது வேண்டும், சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ இடம் கொடுத்தால் தவிர, என்கிறது அது. மதுக்கடையில் வைத்துப் பட்டுவாடா செய்யக்கூடாது, சம்பளத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில் முதலாளி குறுக்கிடக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. படித்தபோது கேஷியர் சாரின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எந்த உடன்படிக்கையையும் அவர் மேற்கோள் காட்டியதில்லை. அவளுடைய உழைப்பு, அவளுடைய கையெழுத்து, அவளுடைய பணம். அவ்வளவுதான் அவர் பார்த்தது.

சரி, என் கவருக்கு வருகிறேன். நான் மாதத்தின் நடுவில் சேர்ந்ததால் முதல் சம்பளம் பாதி மாதத்துக்குத்தான். என் கணக்கை மட்டும் கேஷியர் சாரே போட்டு, கவரையும் அவரே நிரப்பினார். தன் கவரைத் தானே போடக்கூடாது என்பது அங்கே விதி. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, பதிவேட்டில் என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டேன். எண்ணச் சொன்னார், எண்ணினேன். சீட்டைப் படித்தபோது, நானே மனதில் போட்டு வைத்திருந்த தொகைக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தது. கேட்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த அக்காவின் அட்டைத் துண்டு நினைவுக்கு வந்தது. கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. என்னை உட்காரவைத்து விளக்கினார். மாதச் சம்பளம் 7,800 என்று வைத்துக்கொண்டால், 30 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 260. வேலை நாள் 26 என்று கொண்டு வகுத்தால் 300. முதல் முறையில் வார விடுமுறையையும் சேர்த்து எண்ண வேண்டும், இரண்டாவதில் சேர்க்கக்கூடாது. நான் 30-ஆல் வகுத்திருந்தேன், அவர்கள் 26-ஆல். பாதி மாதத்தில் சேர்ந்தவருக்கு, அந்தப் பாதியில் எத்தனை விடுமுறை விழுந்தது என்பதைப் பொறுத்து இரண்டு முறையிலும் தொகை கொஞ்சம் மாறும். ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாலோ, 26-ஆல் வகுக்கும் இடத்தில் பிடித்தம் கூடுதலாக இருக்கும். இதில் எந்த முறை என்பதைச் சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அந்தச் சம்பளத்தில் என்ன வாங்கினேன் என்பது மறந்துபோய்விட்டது. இந்த வகுத்தல் மறக்கவில்லை.

போன மாதம் என் மகள் முதல் வேலையில் சேர்ந்தாள். சம்பளம் ஏறிவிட்டது என்று கைபேசியில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினாள். எனக்கு அத்தனை சந்தோஷம். சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டேன். மின்னஞ்சலில் இருக்கும், இன்னும் திறக்கவில்லை என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து திறந்து, வரிவரியாகப் படித்தோம். எல்லாம் புரிந்தது, பிடித்தங்களில் 'மற்றவை' என்று ஒரு வரியைத் தவிர. சின்னத் தொகைதான். கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்கினாள். அவளுக்கு அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். திங்கட்கிழமை கேட்கப் போகிறாள்.