கடைவீதி பழைய தியேட்டர்: திறந்த வருஷத்தை எப்படி உறுதி செய்வது?

கடைவீதிக்காரன்:
எங்கள் பேரூராட்சியில் கடைவீதித் தியேட்டரை இடிக்கப் போகிறார்கள். ஊர் மலருக்கு அதன் வரலாற்றை எழுத வேண்டும். முதல் படம் ‘பராசக்தி’ என்கிறார்கள் பெரியவர்கள். அப்படியானால் 1952 என்று போட்டுவிடலாமா? கையில் இருப்பது வேறொரு படத்தின் நோட்டீஸ். “ஜனவரி 14 வெள்ளி முதல்” என்று இருக்கிறது, வருஷம் இல்லை. உள்ளே போய்ப் பார்க்க அனுமதி உண்டு. எதையெல்லாம் பார்க்கணும்?

பழையபேட்டை:
அவசரப்பட்டு 1952 போடாதீங்க. மதுரை தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடவே திறந்தது, சரி. சின்ன ஊர்க் கதை வேற. பிரிண்ட் குறைவு, நகரங்களில் ஓடி முடிந்த பெட்டிதான் அங்கே வரும். மாசக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் தாமதமாகும். படம் வந்தது 1952 தீபாவளிக்கு. பெரியவர்கள் சொல்வது சரியென்றால், அதற்கு முன் தியேட்டர் திறக்கவில்லை என்பது மட்டும்தான் உறுதி.

நோட்டீஸை லேசா நினைக்காதீங்க. ஜனவரி 14 வெள்ளியாக வந்த வருஷங்கள் 1949, 1955, 1966, 1972. டிக்கெட் விலை அணாவில் இருந்தால் கடைசி இரண்டும் அடிபடும். 1957 ஏப்ரலில் தசம நாணயம் வந்துவிட்டது. ‘ந.பை.’ (நயா பைசா) என்று போட்டிருந்தால் பொதுவாக 1957–64. மிச்சத்தை நோட்டீஸில் உள்ள படம் வெளியான வருஷம் தீர்த்துவிடும்.

கார்பன்குச்சி:
முதலில் ஆபரேட்டர் கேபின். திரையைப் பார்த்த சுவரில் எத்தனை ஓட்டை என்று எண்ணுங்க. ஒரு புரொஜெக்டருக்கு இரண்டு: ஒளி போக ஒன்று, ஆபரேட்டர் பார்க்க ஒன்று. நாலு இருந்தால் இரண்டு மெஷின். இரண்டே என்றால் ஒற்றை மெஷின், ரீல் மாற்ற ஒவ்வொரு தடவையும் படம் நின்றிருக்கும். 1000 அடி ரீல் ஓடுவது 11 நிமிஷம்தான். ஸ்லைடு காட்ட தனி ஓட்டையும் இருக்கலாம், அதைக் கணக்கில் சேர்க்காதீங்க. ஓட்டைக்கு மேல் இரும்புத் தகடு தொங்கினால் அது தீ பிடித்தால் சட்டென்று விழுந்து மூட. கூரையில் புகைக்குழாய் இருந்தால் கார்பன் ஆர்க் விளக்கு (கார்பன் குச்சிகளை எரித்து ஒளி தரும் பழைய புரொஜெக்டர் விளக்கு) எரிந்த இடம்.

அடுத்து திரைச் சுவர். 15 அடி உயரப் பழைய படத்துக்கு அகலம் இருபதரை அடி போதும். அதே உயரத்தில் சினிமாஸ்கோப் (அகலத்திரைப் படம்) என்றால் 35 அடி வேணும். அதனால் தூணை உடைத்த தடம், பக்கக் கதவை அடைத்த செங்கல் தெரியும். தமிழில் முதல் ஸ்கோப் படம் 1973-இல்தான், ஆனால் இங்கிலீஷ், இந்திப் படத்துக்காக முன்னாடியே அகலப்படுத்தியவர்கள் உண்டு. ஆகவே அந்த உடைப்பை வைத்து வருஷம் குறிக்க வேண்டாம். திரைக்குப் பின்னால் ஆழமான மேடையும் ஒப்பனை அறையும் இருந்தால், அது நாடகக் கொட்டகையாகத் தொடங்கியது என்று சந்தேகப்படலாம்.

கடைவீதிக்காரன்:
தரை 4 அணா என்று இருக்கு. படம் 1954-இல் வந்தது. அப்போ 1955!

பழையபேட்டை:
1955 ஜனவரியில் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நோட்டீஸில் ‘டூரிங்’ என்று எங்காவது இருக்கா பாருங்க. கூடாரமாக ஓடியதே பிறகு அதே பெயரில் கட்டடமான ஊர்கள் நிறைய. இருந்தால், கணக்கு கூடாரத்துக்குத்தான் பொருந்தும்.

வில்லங்கம்:
காகிதத்துக்கு இரண்டு இடம். சினிமா உரிமம் (‘சி’ ஃபார்ம்) கலெக்டர் ஆபீஸ் கோப்பில் இருக்கணும். பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்க, 30 நாளில் பதில் வரணும். “எல்லா ஆவணமும்” என்று கேட்டால் தட்டிக் கழிப்பார்கள். தியேட்டர் பெயர், சர்வே எண், முதல் உரிமத்தின் நகல் என்று குறிப்பாகக் கேளுங்க. கோப்பு அழிக்கப்பட்டது என்று பதில் வந்தால் அழித்த பதிவேட்டின் நகலையும் கேட்கலாம்.

இன்னொன்று சார்பதிவாளர் ஆபீஸ். ஆன்லைன் வில்லங்கச் சான்றில் பழைய வருஷங்கள் வராவிட்டால் கையால் தேட மனு கொடுக்கணும். கிரயத்தை மட்டும் பார்த்து நிறுத்திடாதீங்க. இடம் ஒருவருடையது, தியேட்டர் நடத்தியவர் வேறொருவர் என்பது சகஜம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாகியிருக்க வேண்டும். “சினிமா கொட்டகை கட்டிக்கொள்ள” என்ற வாசகம் அந்தப் பத்திரத்தில்தான் கிடைக்கும்.