காலி மனைக்கு மனு கொடுத்தால் காட்டிக்கொடுக்கிற வேலையாமே!

முள்வேலி:
நேற்று இங்கே ஒரு பெரியவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பக்கத்து மனைக்காரர் மேல் மனு கொடுப்பது ‘காட்டிக்கொடுக்கிற வேலை’யாம். கிருஷ்ணகிரி மாவட்டம்தான், ஊர்ப் பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் படிப்பார்கள். என் வீட்டை ஒட்டி ஆறு வருடமாக ஒரு மனை சும்மா கிடக்கிறது. மனைக்காரர் பெங்களூரில். சீமைக்கருவேலம் மதில் தாண்டி என் துணிக்கொடி வரை வந்துவிட்டது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய குழியில் தண்ணீர், பக்கத்தில் நாலு லாரி டயர். ஐப்பசி மழையில் என் மகளுக்கு டெங்கு. ஒரு டயரைச் சாய்த்துப் பார்த்தேன், தண்ணீரோடு புழு நெளிந்து கொட்டியது. படம் எடுத்து மனுவோடு வைத்துக் கொடுத்தேன். இதில் யாரை யாரிடம் காட்டிக்கொடுத்தேன்?

மாந்தோப்பு:
அந்தப் பெரியவன் நான்தான். நேராகவே கேட்டிருக்கலாம். சரி, எனக்கு ஒரே கேள்வி. டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். தெருச் சாக்கடை வழிந்து அந்தக் குழிக்குள் போகிறது என்று போன வாரம் நீங்களே எழுதினீர்கள். சாக்கடைத் தண்ணீரில் டெங்கு எப்படி வந்தது?

முள்வேலி:
ஐயா, புழு இருந்தது டயரில். குழியில் இல்லை.

மாந்தோப்பு:
மனுவில் குழி என்றும் எழுதினீர்களா இல்லையா?

வெயிலான்:
அண்ணே, குழியோ டயரோ, அது இரண்டாவது விஷயம். 1939ஆம் வருடப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இப்படிப்பட்ட இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி நோட்டீஸ் விட வழி இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் ஆர்டிஓவிடம், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரிடம் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு. பணம் இல்லை என்று நகராட்சி கையை விரிக்க முடியாது என்று மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகராட்சி வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாந்தோப்பு:
வக்கீல் தம்பிக்கு வணக்கம். அந்த ரத்லம் வழக்கு எதைப் பற்றியது? திறந்த சாக்கடை. பார்த்தீர்களா, அங்கேயும் சாக்கடை! அங்கே யாராவது டெங்கு என்று மனு கொடுத்தார்களா?

தகடூரான்:
பெரியவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. முள்வேலி தம்பி, உங்கள் மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா? ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பார்த்தீர்களா? எங்கள் தெருவில் அபேட் என்கிற கொசுப்புழு மருந்து ஊற்ற வந்த அக்கா பத்து வீட்டில் புழுவைக் காட்டிவிட்டுப் போனார். எல்லாம் வீட்டுக்குள்தான். தர்மபுரியில் நாங்கள் முதலில் ஆளைப் பார்த்துப் பேசுவோம். 2004இல் தனியாகப் பிரிந்து போனதிலிருந்து கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எடுத்ததற்கெல்லாம் மனு.

கேஆர்பி_காற்று:
வந்துவிட்டார் தகடூரான். பிரிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. நீங்களும் 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள்தான், நினைவிருக்கட்டும்.

தகடூரான்:
நான் கொசுவைப் பற்றிப் பேசினேன்.

கேஆர்பி_காற்று:
எங்கள் ஊரைப் பற்றியும் பேசினீர்கள்.

முள்வேலி:
ஆளைப் பார்த்துப் பேசவில்லை என்று யார் சொன்னது? மூன்று தடவை போன் போட்டேன். முதல் தடவை, “ஆள் அனுப்பறேன் சார்.” இரண்டாம் தடவை, “முகூர்த்தம் முடியட்டும்.” மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. அப்புறம்தான் மனு. மனு கொடுத்த ஆபீஸிலும் ஒப்புகைச் சீட்டைக் கொடுத்து, ‘பார்க்கிறோம்’ என்றார்கள். இரண்டு மாதம் ஆகிறது. வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் போய் நிற்கப் போகிறேன். என் தொட்டிக்கு மூடி இருக்கிறது, தகடூரான் அண்ணே.

மாந்தோப்பு:
போன் போட்டதெல்லாம் சரி. அந்தக் குழியில் இருந்தது மழைத் தண்ணீரா, சாக்கடையா? நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

வெயிலான்:
அண்ணே, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த டயரில் மாதக்கணக்கில் கிடக்கும். மழை பட்டால் பொரிந்து பத்து நாளுக்குள் கொசுவாகிவிடும். குழியை விடுங்கள்.

மாந்தோப்பு:
ஏன் விட வேண்டும்? மனுவில் இருப்பது குழி. நான் 34 வருடம் அரசு வேலை பார்த்தவன். மனு என்றால் மனுவில் என்ன எழுத்தோ அதுதான். எனக்கும் இரண்டு மனை இருக்கிறது, வருடா வருடம் காலிமனை வரி கட்டுகிறேன். நாளைக்கு எவனாவது என் மனையில் ஒரு தேங்காய்த் தொட்டியைப் போட்டுப் படம் எடுத்தால் நான் குற்றவாளியா?

கேஆர்பி_காற்று:
ஓ, இரண்டு மனையா! இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அந்த இரண்டிலும் முள் எவ்வளவு உயரம்?

மாந்தோப்பு:
தேவையில்லாத பேச்சு. போன மாதம் பெங்களூரா மாங்காய் விலை பற்றிப் பேசியபோதும் நீ இப்படித்தான் குறுக்கே வந்தாய். மாங்கூழ் ஃபாக்டரிக்காரனுக்கு வக்காலத்து வாங்கினாய்.

கேஆர்பி_காற்று:
வக்காலத்தா? கிலோ என்ன விலைக்கு எடுத்தார்கள் என்று சொன்னேன், அவ்வளவுதான். உங்கள் தோப்புக் காய் போகவில்லை என்றால் நான் என்ன செய்வேன்?

தகடூரான்:
மாங்காய் என்றால் எங்கள் காரிமங்கலம் பக்கம் வந்து பாருங்கள்.

முள்வேலி:
என் மகளுக்கு டெங்கு வந்ததைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். இன்று காலை மதில் மேல் ஒரு சாரை படுத்திருந்தது. அது தண்ணீரில் வளர்கிறதா, சாக்கடையில் வளர்கிறதா என்று பெரியவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

மாந்தோப்பு:
பாம்பு மனுவில் இருக்கிறதா? இல்லையே. மனுவில் இருப்பது குழி. அதற்குத்தான் காலையிலிருந்து பதில் கேட்கிறேன்.

கேஆர்பி_காற்று:
முள் எவ்வளவு உயரம் என்று நானும் கேட்டிருக்கிறேன்.