திருகு பைப் எங்கே போச்சு? உப்புத் தண்ணிக்கு எது தாங்கும்?

பாலக்கோடு_வாசி
வீட்டுக்கு போர் தண்ணிதான். குளியலறை, சமையலறை, துவைக்கிற கல் எல்லா இடத்திலும் கால் சுத்து சுத்தினா திறக்கிற புது மாடல் பைப். பாதி இறுகிப்போச்சு, பாதி சொட்டுது. கடையில கேட்டா முழு பைப்பையும் மாத்துங்கறாங்க. சில்லறைக் காசுக்கு வாசர் வாங்கிப் போட்டா சரியாகிற பழைய பித்தளை திருகு பைப் இப்ப கிடைக்குதா? இருக்கிறதைக் காப்பாத்த வழி உண்டா?

பைப்லைன்_அரூர்
முதல்ல இருக்கிறதைப் பாருங்க. அந்தப் பைப்புக்குள்ள வாசர் கிடையாது. கண்ணாடி மாதிரி வழவழன்னு தேய்ச்ச ரெண்டு பீங்கான் தட்டு ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கும், அதுதான் தண்ணியை அடைக்குது. நம்ம பக்கத்து உப்புத் தண்ணியில சுண்ணாம்பு அதிகம். தட்டு ஓரத்துல படிஞ்சு காய்ஞ்சா பைப் இறுகும். பொடி மணல் உள்ள போனா தட்டுல கீறல் விழும், அப்புறம் சொட்டும். கெய்சர் பக்கம் சீக்கிரம் போறதுக்குக் காரணம், தண்ணி சூடாகும்போது சுண்ணாம்பு அதிகமாப் பிரியும்.

இறுகினது பெரும்பாலும் பிழைக்கும், கீறல் விழுந்தது பிழைக்காது.

டேங்க் கேட் வால்வை அடைச்சு, பைப்பைத் திறந்து வடிய விடுங்க. கைப்பிடி மேல இருக்கிற சின்ன மூடியைக் கத்தி நுனியால நெம்பினா உள்ள ஸ்க்ரூ தெரியும். அதைக் கழட்டி, கைப்பிடியை உருவி, ஸ்பானர் போட்டு கார்ட்ரிட்ஜை, அதாவது அந்தப் பீங்கான் தட்டு இருக்கிற கூட்டை, வெளிய எடுங்க. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைச்சு அதுல போடுங்க. நுரை வரும். நுரை நின்னும் இறுக்கம் விடலைன்னா கரைசலை மாத்தி இன்னொரு தரம். கழிப்பறை ஆசிட் பக்கமே போகாதீங்க, குரோம் பூச்சையும் பித்தளையையும் அரிச்சிடும். வழவழப்புக்கு வேசலின், தேங்காய் எண்ணெய் தடவறதும் தப்பு, ரப்பர் வளையம் ஊறிப் பெருத்துடும். சிலிக்கான் கிரீஸ் துளி போதும்.

புதுசு வாங்கினா பழைய கார்ட்ரிட்ஜைக் கையோட கொண்டு போங்க. தலையில இருக்கிற பல் 20 இருக்கும், 24 இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உயரமும் மாறும். இடது பக்கம் மூடுறது, வலது பக்கம் மூடுறதுன்னு ரெண்டு வகை வேற. இந்த ஒரு விஷயத்துலதான் பழைய பைப் ஜெயிக்குது: அரை இஞ்ச் வாசர்னா எந்த ஊர்லயும் அரை இஞ்ச் வாசர்தான்.

லேத்_காவேரிப்பட்டணம்
திருகு பைப் ஒழிஞ்சு போகலைங்க, ஷோரூம்ல வைக்க மாட்டாங்க, அவ்வளவுதான். மோட்டார் பம்பு, விவசாயச் சாமான் விக்கிற கடையில கேளுங்க. ஐஎஸ் 781னு திருகு பைப்புக்கான இந்தியத் தர முத்திரை இருக்கான்னு பாருங்க. அரை இஞ்ச் பைப் கையில கனமா, 400 கிராம் வாக்கில இருக்கணும். லேசா இருந்தா உள்ள துத்தநாகக் கலவையா இருக்கும், கழுத்துல முறியும். மரைப் பக்கம் ஆணியால கீறிப் பாருங்க: மஞ்சளாத் தெரிஞ்சா பித்தளை, சாம்பல் நிறம்னா வேண்டாம்.

உப்புத் தண்ணிக்கு இது ஏன் தாங்குதுன்னா, ரப்பர் வாசர் மெத்துன்னு இருக்கிறதால சின்னச் சுண்ணாம்புத் துகள் மேலயும் அமுங்கி அடைச்சுக்கும். கெடுக்கிறது நம்ம கைதான். சொட்டுதுன்னு பல்லைக் கடிச்சுத் திருகினா வாசர் வெட்டுப்படும், அப்புறம் அடியில வாசர் உட்கார்ற பித்தளை சீட்டும் தேயும். சீட் தேய்ஞ்சா புது வாசரும் நிக்காது, சீட் கட்டர் வச்சு சமப்படுத்தணும்.

கைப்பிடித் தண்டு ஓரமாக் கசிஞ்சா அது வாசர் கோளாறு இல்லை. மேல் நட்டைக் கால் சுத்து இறுக்குங்க. நிக்கலைன்னா நட்டைக் கழட்டி, கிரீஸ்ல தோய்ச்ச பருத்தி நூலைத் தண்டைச் சுத்திக் கட்டி மறுபடி போடுங்க.

கிருஷ்ணகிரி_அக்கா
புது மாடல் வேண்டாத மாற்றம்னு ஒரேயடியாச் சொல்லிடாதீங்க தம்பி. விரல் மூட்டு வலி இருக்கிற பெரியவங்களுக்கு மூணு சுத்து திருகுறது தண்டனை. பிரிச்சு வச்சுக்கலாம்: ஒகேனக்கல் குடிநீர் வர்ற குழாய்க்குப் புது மாடல், போர் தண்ணி வர்ற துவைக்கிற கல்லுக்கும் பக்கெட் பிடிக்கிற இடத்துக்கும் திருகு பைப்.

டேங்க்ல இருந்து இறங்குற லைன்ல ஒரு ஒய் ஸ்ட்ரெய்னர் (வலை வச்ச வடிகட்டி) போடுங்க. அம்புக்குறி தண்ணி போற பக்கம், வலைப் பை கீழ் நோக்கி. மணலை நிறுத்தும், உப்பை நிறுத்தாது. வலையை அப்பப்போ கழட்டிக் கழுவணும், இல்லைன்னா ஷவர்ல தண்ணி நூலா இறங்கும்.

வாஷ்பேசின் அடியில தண்ணியை அடைக்கிற சின்ன வால்வு, ஆங்கிள் காக், அதையும் மறந்துடாதீங்க. யாரும் தொடாம இறுகிக் கிடந்து, அவசரத்துக்கு அடைக்கப் போனா அசையாது. மாசம் ஒரு தரம் மூடித் திறந்தா போதும்.

பாலக்கோடு_வாசி
நன்றிங்க. துவைக்கிற கல்லுக்குத் திருகு பைப்தான். அங்க சுவர்ல இருக்கிறது பிளாஸ்டிக் எல்போ (வளைவு இணைப்பு), அதுலயே மாட்டலாமா?

பைப்லைன்_அரூர்
வெறும் பிளாஸ்டிக் மரைன்னா வேண்டாம், கனமான பைப்பை இறுக்கும்போது கீறல் விட்டுடும், கசிவு சுவருக்குள்ள இறங்கும். உள்ள பித்தளை மரை வச்ச எல்போ மாத்திட்டு மாட்டுங்க. டெப்லான் டேப் பைப் மரை மேல வலஞ்சுழியா எட்டுப் பத்து சுத்து. கையால போற வரை திருகி, கடைசி ஒண்ணு ஒன்றரை சுத்துக்கு மட்டும் ஸ்பானர். வாய் கோணலா நின்னா பின்னாடி திருப்பாதீங்க, கழட்டி டேப்பைக் கூட்டிக் குறைச்சு மறுபடி மாட்டுங்க.