கரண்ட் போய் வந்தபின் சிஸ்டம் ஆன் ஆகவில்லை

மேலூர்வாசி: பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. போர்டில் பச்சை விளக்கு எரிகிறது. எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை பெட்டி) போச்சா, மதர்போர்டு போச்சா? மதுரைக்குத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி வீட்டிலேயே என்ன பார்க்கலாம்?

திருமங்கலம்_டெக்: அந்த விளக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (சிஸ்டம் ஆஃப்ல இருக்கும்போதும் வர்ற சப்ளை) இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், 12 வோல்ட்டுக்கு அது சாட்சி இல்லை. பவர் கார்டை உருவிட்டு பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடிங்க. ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யுஎஸ்பி எல்லாம் கழற்றிடுங்க. பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், போர்டுக்கு வர்ற 24 பின் பவர் கனெக்டர், சிபியூவுக்கு வர்ற 4 பின் கனெக்டர் போதும். பவர் கார்டைத் திரும்பச் செருகி ஆன் பண்ணுங்க. இப்ப ஓடினா, கழற்றினதுல ஏதோ ஒண்ணு ஷார்ட். ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க, ஒவ்வொரு தடவையும் பவர் கார்டை உருவிட்டு.

அப்பவும் நின்னா பவர் கார்டை உருவி, 24 பின்னை போர்டிலிருந்து எடுத்துட்டு, பச்சை வயரையும் ஒரு கறுப்பையும் கம்பியால இணைங்க. மல்டிமீட்டரோட ஒரு முனையை கறுப்புல வச்சுப் பார்த்தா மஞ்சள் 11.4–12.6, சிவப்பு 4.75–5.25, ஆரஞ்சு 3.14–3.47 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணை லோடா மாட்டி, பவர் கார்டைத் திரும்பச் செருகிட்டு அளங்க.

உசிலை_சர்வீஸ்: ண்ணே, அந்த வோல்ட் அளவு சரியா காட்டினாலும் எஸ்எம்பிஎஸ் நல்லதுன்னு முடிவு கட்டிடாதீங்க, லோடு ஏறினா படுத்துக்கும். தெரிஞ்சவங்ககிட்ட ஒண்ணு வாங்கி மாத்திப் பார்க்கிறதுதான் உறுதி. பிராசசர் பக்கத்துல கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கான்னும் பாருங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீங்க, பவர் கார்டை உருவின பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல நிற்கலாம்.